கமராவுக்குக் கண்ணாடிப் பெட்டி, முகங்களுக்குக் குப்பைக்குழி

ஜெர்மனியில் வாழும் நண்பர் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் மின்னஞ்சல் ஒன்று வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் அங்கு போய்ச் சேர்ந்தவர். பழைய கமராக்களைத் தேடிச் சேர்ப்பது அவருடைய ஓய்வுநேரப் பித்து. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அண்ணை, உங்கட மலைநாட்டுப் பக்கம் பழைய ஸ்டூடியோக்களிலை சுப்பர் இகொன்டா, பெஸா மாதிரி மடிக்கிற கமரா கிடந்தால் சொல்லுங்கோ. துருத்தி ஓட்டையெண்டாலும் பரவாயில்லை. தூரம் பார்க்கிற கண்ணாடி வேலை செய்தால் போதும். நெகட்டிவ், படம் ஒண்டும் வேண்டாம். அதுகளை வச்சு நான் என்ன செய்யிறது?"

அந்தக் கடைசி வாக்கியம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. நண்பர் நல்லவர், படித்தவர், இனப்பற்று மிக்கவர். அவரே இப்படி எழுதுகிறார் என்றால், நமது ஹோட்டல் முதலாளிகளையும் பழம்பொருள் வியாபாரிகளையும் நொந்து என்ன பயன்? ஆயினும் நொந்துகொள்ளத்தான் போகிறேன். இந்த விடயத்தில் என்னையும் சேர்த்தே நொந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கைத்தொலைபேசியில் படமெடுக்கும் தலைமுறைக்கு இது விளங்க வேண்டும் அல்லவா?

மூடிய நிலையில் அது தடித்த சிகரெட் பெட்டியை இரண்டு மடங்கு நீட்டியதுபோல் இருக்கும். பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, கறுப்புத் துருத்தியோடு வில்லை முன்னே வந்து நிற்கும். ட்ரெஸ்டனில் 1926இல் நான்கு கம்பனிகள் ஒன்றுசேர்ந்து உருவான சைஸ் இகொன் நிறுவனம் 1934இல் வெளியிட்ட சுப்பர் இகொன்டா இந்த வகையில் பேர்போனது. வொய்க்லாண்டர் நிறுவனம் பெஸாவை வைத்திருந்தது. அக்ஃபா நிறுவனத்தார் ஐம்பதுகளில் சுப்பர் இசொலெட் கொண்டுவந்தார்கள். எல்லாமே 120 பிலிமில் ஓடுபவை. ஆறுக்கு ஒன்பது சென்ரிமீற்றர் அளவில் எட்டுப் படம், ஆறுக்கு ஆறில் பன்னிரண்டு, ஆறுக்கு நாலரையில் பதினாறு. சாதாரண 35 மில்லிமீற்றர் நெகட்டிவைவிட ஆறுக்கு ஒன்பது நெகட்டிவ் ஐந்து மடங்குக்கு மேல் பெரியது.

'சுப்பர்' என்ற அடைமொழி வெறும் விளம்பரம் அன்று. தூரத்தை அளக்கும் பொறி வில்லையோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். சிறு துவாரத்தின் வழியே பார்த்தால் எதிரே நிற்பவரின் உருவம் இரண்டாகத் தெரியும். வில்லைக்கு அருகே உள்ள பற்சில்லைத் திருகினால், ஒரு சிறு கையில் பொருத்தப்பட்ட ஆப்பு வடிவக் கண்ணாடிகள் சுழன்று, இரண்டு உருவங்களும் மெல்ல நெருங்கி ஒன்றாகும். ஒன்றாகும் இடத்தில் வில்லையும் சரியான தூரத்தில் நிற்கும். ஊகத்துக்கு இடமில்லை.

இந்தப் பொறி எங்கள் மலைக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைக் கமரா நிபுணர்கள் எவரும் எழுதவில்லை. எழுத அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் டிரேட்டன் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். கொட்டகலைக் கடைவீதியில் எங்கள் இளமைக்காலத்தில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அதன் உரிமையாளரின் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்குப் பிள்ளைகளும் பேரர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அவர் 'படக்கார அண்ணன்'. அவரிடம் ஒரு சுப்பர் இகொன்டா இருந்தது. 105 மில்லிமீற்றர் டெஸ்ஸார் வில்லையோடு கூடிய ஆறுக்கு ஒன்பது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது என்பார்.

அந்தக் கமராவின் பொற்காலம் எங்கள் மக்களின் மிக மோசமான காலமாக இருந்தது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. அதற்கு முந்திய ஆண்டு, 1947 தேர்தலில், கொட்டகலை என்று ஒரு தேர்தல் தொகுதியே இருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரசின் கே. குமாரவேலு அதன் நாடாளுமன்ற உறுப்பினர். அடுத்த தேர்தலில் அவருக்கு வாக்களித்தவர்களின் பெயர்கள் இடாப்பில் இல்லை! பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் தலைவிதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் மனிதர்களைப் பங்கிட்டுக்கொண்டன. அந்த மீதியையும் 1974இல் சரிபாதியாக வெட்டிக்கொண்டார்கள். மக்களைக் கேட்டா செய்தார்கள்?

இந்தப் பங்கீட்டுக்கெல்லாம் தேவைப்பட்டது ஒரு பொருள்: புகைப்படம். விண்ணப்பத்துக்குப் படம், கடவுச்சீட்டுக்குப் படம், குடும்பத்துக்குப் படம். அதுவரை வாழ்நாளில் ஒரு தடவையும் கமராவுக்கு முன் நின்றிராத இலட்சக்கணக்கானோர் சில ஆண்டுகளுக்குள் படமெடுக்க வேண்டியதாயிற்று. மலையக மக்களைத் தமிழ்ப் படப்பிடிப்பாளர்களே பெருந்தொகையாகப் படமெடுத்தது அப்போதுதான்.

படக்கார அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டந்தோட்டமாக நடந்து போவார். சில நாட்களில் நானும் பை தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். டிரேட்டன், ரொசிட்டா என்று மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும். முக்காலியும் பெரிய பெட்டிக் கமராவும் கொண்டு அந்தப் பாதையில் நடப்பது எவராலும் ஆகாத காரியம். மடிப்புக் கமராவோ கோட்டுப் பையில் அடங்கிவிடும். கோயில் மண்டபத்திலோ பெரட்டுக்களத்திலோ ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுவார். முன்னால் ஒரு வாங்கு. மலைநாட்டு மப்பும் மந்தாரமும் உங்களுக்குத் தெரியாததா? வெளிச்சம் போதாது. வில்லையை முழுமையாகத் திறந்தால்தான் படம் விழும். முழுமையாகத் திறந்தால், ஏழெட்டு அடி தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண்தான். மூக்குத் தெளிவாயிருக்கும், காது மங்கிவிடும். மங்கிய படத்தைக் கந்தோரில் திருப்பி அனுப்புவார்கள். திருப்பினால் ஒரு நாள் சம்பளம் போய்விடும், அத்தோடு மறுபடி படம் எடுக்கவும் காசு வேண்டும். ஆகவேதான் அந்தப் பற்சில்லும் ஆப்புக் கண்ணாடியும். ஜெர்மன்காரன் தன் நாட்டுக் கனவான்களின் விடுமுறைப் படங்களுக்காகச் செய்த பொறி, எங்கள் நாடற்றவர்களின் கடவுச்சீட்டுக்கு உதவியது.

இன்னொன்றும் உண்டு. தோட்டங்களில் அன்று மின்சாரம் துரை பங்களாவிலும் தொழிற்சாலையிலுந்தான். கடைவீதியிலும் அது நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். படத்தைப் பெருப்பிக்கும் இயந்திரத்தை நம்பித் தொழில் செய்ய முடியாது. பெரிய நெகட்டிவாக இருந்தால் பெருப்பிக்கவே தேவையில்லை. காகிதத்தின் மேல் நெகட்டிவை நேராக வைத்து அழுத்தி, ஒரு விளக்கின் வெளிச்சத்தைக் காட்டினால் அதே அளவில் படம் தயார். ஆறுக்கு நாலரை சென்ரிமீற்றர் நெகட்டிவ் அப்படியே விண்ணப்பப் படத்துக்குப் போதும். அதற்கென்று கமராவுக்குள் போடும் ஒரு தகட்டுச் சட்டம் உண்டு. அதைப் போட்டால் எட்டு படம் பதினாறாகும். 1970க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், பாணுக்கே வரிசையில் நின்ற நாட்களில், பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போது பதினாறும் போதாமல், ஒரே சட்டத்துக்குள் இரண்டு பேரை அருகருகே இருத்தி எடுத்து, பிறகு கத்தரியால் வெட்டிக் கொடுத்தார். அண்ணனும் தங்கையும், மாமியாரும் மருமகளும் அப்படி வெட்டப்பட்டார்கள். சிலரை அந்தக் கத்தரி வெட்டிய கோட்டிலேயே ஒப்பந்தமும் வெட்டியது. ஒருவர் இந்தியாவுக்கு, ஒருவர் இலங்கைக்கு.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். படக்கார அண்ணனிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. ஆண்கள் எல்லோருக்கும் அதே கோட்டுதான். நூறு பேரின் படத்தை வரிசையாக வைத்தால் ஒரே கோட்டு நூறு உடம்பில் ஏறியிருப்பது தெரியும். சிலருக்குத் தோள் தொங்கும், சிலருக்குப் பொத்தான் எட்டாது. தோட்டத்தில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் அரை நிமிடம் கனவான்கள் ஆனார்கள். பெண்கள் அப்படியில்லை. பெட்டியிலிருந்த கூறைச் சேலையை எடுத்து உடுத்தி வருவார்கள். சிரிக்க மாட்டார்கள். சிரிக்கக் கூடாது என்று கங்காணி சொல்லியிருப்பார்.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

படக்கார அண்ணன் காலமான பின் மகன் சிறிது காலம் கடையை நடத்தினார். டிஜிற்றல் வந்தது, கடை படுத்தது. 2011இல் கடையை ஒழித்தார். கொழும்பிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி கமராவை நல்ல விலைக்கு வாங்கிப் போனார். மரப் பெட்டியும் பழைய விளக்கும்கூட விலைபோயின. அலுமாரி நிறைய இருந்த நெகட்டிவ் உறைகளை எவரும் கேட்கவில்லை. வெள்ளி எடுக்க என்று ஒருவர் ஒரு சாக்கு கொண்டுபோனாராம். மீதியைக் கடையின் பின்புறக் குழியில் போட்டுக் கொளுத்தினார்கள். அதற்கும் முன்னரே கொஞ்சம் போய்விட்டிருந்தது. 2010 ஜனவரி 15 சூரிய கிரகணத்தன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவற்றை எடுத்துக் கண்ணுக்கு முன் பிடித்துச் சூரியனைப் பார்த்தார்களாம். கண்ணுக்குக் கேடு என்று வைத்தியர்கள் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். எவருடைய பாட்டியின் முகத்துக்குள்ளே அந்தப் பிள்ளைகள் கிரகணம் பார்த்தார்களோ?

மகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்பது ஆண்டு அந்த அலுமாரிக்கு இடம் கொடுத்தது அந்தக் குடும்பந்தான். அது பெறுமதியான பொருள் என்று ஒருவராவது அவர்களிடம் சொன்னோமா?

அடுத்த ஆண்டு கோத்தகிரியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சிறுவயதில் டிரேட்டனிலிருந்து போனவர். தமிழக அரசு 1968இல் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தில் பெற்றோருக்கு வேலை கிடைத்து, அவரும் அங்கேயே கொழுந்து மலையில் ஆயுளைக் கழித்தவர். மூத்த அக்காவுக்கு இலங்கைப் பிரசாவுரிமை. அவர் இங்கேயே நின்றுவிட்டார். ஹட்டன் புகையிரத நிலையத்தில் தலைமன்னார் போகும் கோச்சியில் குடும்பம் ஏறியபோது அக்கா மேடையில் விழுந்து புரண்டது அவருக்கு நினைவிருக்கிறது. அந்தக் கோச்சிக்கு எங்கள் ஆட்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. அக்கா பிறகு இறந்துபோனார். அவருடைய முகம் மட்டும் தம்பிக்கு நினைவில்லை.

"ஐயா, போறதுக்கு முந்தி எல்லாருமா கொட்டகலைக் கடையில ஒரு படம் எடுத்தோம். அம்மா கையில நான். பக்கத்துல அக்கா. அந்தப் படத்த மண்டபம் முகாமுல தொலைச்சிட்டோம். கடைக்காரங்ககிட்ட இருக்கும்னு அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு."

நான் அவரை அழைத்துக்கொண்டு போனேன். அந்த இடத்தில் அப்போது தொலைபேசி அட்டை விற்கும் கடை இருந்தது. அவர் உள்ளே நுழைந்து, திரை தொங்கியிருக்கக்கூடிய சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைப்பையன் "என்ன கார்ட் வேணும்?" என்று கேட்டான்.

அந்தக் கமரா, அல்லது அதன் உடன்பிறப்பு, இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? மலைநாட்டில் ஓர் உல்லாச விடுதியில், பழைய துரை பங்களாவைப் புதுப்பித்து நடத்தும் ஒன்றில், வரவேற்பு மண்டபத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சுப்பர் இகொன்டாவைக் கண்டேன். மஞ்சள் விளக்கு அதன் மேல் விழுகிறது. பக்கத்தில் பித்தளைத் தராசு, துரைமாரின் நடைத்தடி. குறிப்பு அட்டையில் கமராவின் பெயரும் வில்லையின் பெயரும் எழுதியிருக்கிறார்கள். சுவரில் ஒரு நூற்றாண்டுக்கு முந்திய கொழுந்தெடுக்கும் பெண்ணின் படம். பெயர் இல்லை. அந்தக் காலத்து அஞ்சலட்டைகளில் 'தமிழ்க் கூலி' என்று போடுவார்கள். இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள், நாகரிகம் கருதிப் போலும்! கமராவுக்குப் பெயர் உண்டு, தொடர் இலக்கம் உண்டு, பிறந்த ஊர் உண்டு. பெண்ணுக்கு ஒன்றும் இல்லை.

இது புதிய பழக்கமும் அன்று. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகச் சென்றால் பொகவந்தலாவையில் சென் மேரிஸ் தேவாலயம் இருக்கிறது. புகைப்படக் கலையின் பெரும் பெயர்களுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரொன் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 1875இல் இலங்கை வந்தவர். 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மறைந்தவர். கணவருக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் படமெடுத்த அந்த அம்மையார், இலங்கையில் தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் எடுத்தார். எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அவற்றைப் பொன்போல் காக்கின்றன. டெனிசன் என்று பெயர் உண்டு, டார்வின் என்று பெயர் உண்டு. எங்கள் பெண்ணுக்கு 'இலங்கைப் பெண்'. அம்மையாரின் கலையைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை, படங்கள் அற்புதமானவை. ஆனால் அவை அவருடைய படங்கள், எங்களுடையவை அல்ல. கொழும்பின் பிளாத்தே, ஸ்கொவன் ஸ்டூடியோக்கள் விற்ற தோட்டக் காட்சிகளும் அப்படியே. தேயிலை விற்க எடுத்த படங்கள் அவை. 1934இல் பேசில் ரைட் எடுத்த 'சோங் ஒப் சிலோன்' திரைப்படத்துக்கும் காசு கொடுத்தது தேயிலைப் பிரசாரச் சபைதான்.

2023இல் 'மலையகம் 200' என்று இரு நூற்றாண்டு நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள், முதியவர்களும் நடந்தார்கள், கண்கலங்கப் பார்த்தேன். ஆனால் நான் கண்ட பதாகைகளிலும் மலர்களிலும் எந்தப் படங்கள்? அதே வெள்ளைக்காரன் எடுத்த பத்துப் பன்னிரண்டு படங்கள். அதே கூடை, அதே முக்காடு, அதே மூக்குத்தி. "எங்களிடம் வேறு படம் இல்லையே சேர்" என்று ஏற்பாட்டாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். இல்லை என்பது பொய். இருந்தது. இலட்சக்கணக்கில் இருந்தது. ஒவ்வொரு நெகட்டிவ் உறையிலும் பெயரும் தோட்டமும் டிவிஷனும் திகதியும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. விண்ணப்பத்துக்கான படம் அல்லவா, பெயரில்லாமல் எப்படி? பெயரோடு கூடிய முகங்களைக் கொளுத்திவிட்டு, பெயரில்லாத முகங்களைப் பதாகையில் ஏற்றிக்கொண்டோம்.

"சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் கமராவும் பழைய இரும்புக்குப் போயிருக்கும்" என்று நண்பர் வாதிடலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். அவர்களுடைய பொறுமையை நான் அறிவேன். என்னிடமும் ஓர் அக்ஃபா இசொலெட் இருந்தது. அதன் துருத்தி மூலைகளில் ஊசித்துளை விழுவது பிறவிக் குணம். சைக்கிள் டியூப் துண்டால் ஒட்டி ஒட்டி ஓட்டினேன். வில்லைத் திருகில் இருந்த பச்சை நிறக் கிறீஸ் காலப்போக்கில் பசையாக இறுகிவிட, திருகவே முடியாது போயிற்று. கொட்டகலையின் ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணமும் பூத்தது. இவற்றையெல்லாம் பழுதுபார்க்க ஒருவர் இரவிரவாக உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவரை வணங்கத்தான் வேண்டும். ஆனால், கமராவுக்கு அவசரம் இல்லை. உலோகமும் கண்ணாடியும் இன்னும் நூறு வருடம் கிடக்கும். சைஸ் இகொன் 1972இல் கமரா செய்வதை நிறுத்திவிட்டாலும் அதே மாதிரியில் ஆயிரக்கணக்கில் உலகெங்கும் இருக்கின்றன. நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான். அசற்றேற்று பிலிம் ஈரத்திலும் வெப்பத்திலும் தானே அழுகத் தொடங்கும். வினாகிரி மணம் வந்தால் அழிவு ஆரம்பம். சுருளும், சுருங்கும், மருந்துப்படை உரிந்து வரும். பிறகு எந்த ஜெர்மன் பொறியியலாலும் மீட்க முடியாது. அதைவிட அவசரம் இன்னொன்று: படத்தைப் பார்த்து "இது என் சின்னம்மா" என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

வேறொரு ஆட்சேபமும் கேட்டிருக்கிறேன், அது மதிக்கத்தக்கது. "குடும்பப் பெண்களின் படத்தை ஊருக்கெல்லாம் காட்டலாமா?" காட்ட வேண்டாம். முதலில் குடும்பத்திடம் கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் பொதுவில் வையுங்கள், இல்லையென்றால் பூட்டி வையுங்கள். காப்பதும் காட்டுவதும் ஒன்றல்ல. எரிப்பதற்கு மானம் மரியாதையைக் காரணம் சொல்லாதீர்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலை நடந்திருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த குழுவினர், பிரித்தானிய நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, ஊரூராகப் போய்த் தமிழ் ஸ்டூடியோக்களின் பழைய படங்களையும் நெகட்டிவ்களையும் தேடி டிஜிற்றல் பிரதி எடுத்தார்கள். மதுரைக்கும் கும்பகோணத்துக்கும் உள்ள மதிப்பு ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இல்லையா? எங்கள் பக்கத்தில் 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நூல்களையும் பத்திரிகைகளையும் காப்பாற்றிய அளவுக்கு நன்றி சொல்லி மாளாது. கம்பளைக்கருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் லயக் காம்பறாவுக்குள்ளேயே இருக்கிறது. ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் உருளை இயந்திரங்களைப் பார்த்து வியந்துவிட்டு வருபவர்கள் அங்கும் ஒருமுறை போக வேண்டும். இவை தன்னார்வலர்களின் உழைப்பு. எங்கள் தொழிற்சங்கங்களுக்கு என்ன வந்தது? கொட்டகலையில் மண்டபம் கட்டினோம், மாநாடு கூட்டினோம். அரை நூற்றாண்டாகச் சந்தா கட்டிய மனிதனின் முகத்தை வைக்க ஓர் இரும்பு அலுமாரி வாங்கினோமா? மாதச் சந்தாவைக் கணக்கோடு வாங்கத் தெரிந்த சங்கத்துக்கு உறைகளை அகரவரிசையில் அடுக்கத் தெரியாதா?

இனி என் பங்கு.

1974இல் நான் இளம் நிருபன். தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த காலம் அது. மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காமல் மனிதர்கள் வீதியோரம் விழுந்தார்கள். அப்படி இறந்த ஒருவரின் வீட்டுக்குச் செய்திக்குப் போனேன். சுவரில் அவருடைய படம் ஒன்று தொங்கியது. படக்கார அண்ணன் எடுத்தது. அதே கறுப்புக் கோட்டு. பத்திரிகையில் போட்டுவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மா சட்டத்திலிருந்து கழற்றி, முந்தானையால் துடைத்துத் தந்தார். கொழும்புக்கு அனுப்பினேன். செய்தி வந்தது; படம் வரவில்லை, இடமில்லையாம். திருப்பி அனுப்பச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன். பிறகு மறந்துபோனேன். இப்படி நான் வாங்கி அனுப்பிய படங்கள் ஐம்பதுக்குக் குறையாது. பத்திரிகைக் கந்தோர் இடம் மாறியபோது பழைய படங்களை லொறியில் ஏற்றிக் கழிவுக்கு அனுப்பினார்கள் என்று அங்கு வேலை செய்த ஒருவர் பின்னாளில் சொன்னார். அந்த அம்மாவை அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை கொட்டகலைச் சந்தையில் கண்டிருக்கிறேன். அவர் கேட்கவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனேன்.

நண்பருக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதினேன். "தம்பி, சுப்பர் இகொன்டா இங்கே இல்லை. இருந்தாலும் வாங்கித் தர மாட்டேன். உங்கள் ஊரில் நெகட்டிவைப் பிரதியெடுக்கும் நல்ல ஸ்கானர்கள் பாவித்தவை மலிவாகக் கிடைக்கும் என்று அறிகிறேன். 120 பிலிமுக்கு ஏற்ற சட்டத்தோடு ஒன்று அனுப்ப முடியுமா?" ஒரு வாரம் மௌனம். கோபித்துக்கொண்டார் என்றுதான் எண்ணினேன். பிறகு ஒரு வரி வந்தது: "அண்ணை, எத்தினை நெகட்டிவ் இருக்கு?"

அதற்கு விடை இதுதான். கடையை ஒழித்த அன்று ஒரு பிஸ்கட் தகரம் மட்டும் எரியாமல் தப்பியிருக்கிறது. பொத்தான்கள் இருப்பதாக நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். படக்கார அண்ணனின் மகன் கடந்த தைப்பொங்கலுக்கு முன் அதைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். உள்ளே 143 நெகட்டிவ்கள், கடதாசி உறைகளில். ஐந்தாறில் வினாகிரி மணம் தொடங்கிவிட்டது. பெரும்பாலானவை 1970க்கும் 1973க்கும் இடைப்பட்டவை. டிரேட்டன், ரொசிட்டாத் தோட்டங்கள். பெயர்களை இங்கே எழுதவில்லை. அந்தத் தோட்டங்களிலிருந்து அக்காலத்தில் நீலகிரிக்கோ, கொடைக்கானலுக்கோ, திருச்சிப் பக்கமோ, வன்னிக்கோ போன குடும்பத்தவர்கள் இதைப் படித்தால், தகப்பன் பெயரையும் டிவிஷனையும் எழுதி எனக்கு அறியத் தாருங்கள். ஓர் உறையில் மட்டும் பென்சில் எழுத்து அழிந்துவிட்டது. வாங்கில் ஓர் அம்மா, மடியில் ஆண்குழந்தை, அருகே பத்து வயதுச் சிறுமி. சிறுமியின் இடது கை குழந்தையின் காலைப் பிடித்திருக்கிறது. கோத்தகிரிப் பெரியவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். முகவரி மாறியிருக்கலாம்.